வெந்த பலகை

அஜ்மான் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில்
மரக்கடைக்கு மரக்கடை ஒரே முத்திரை:
மரைன், பதினெட்டு எம்எம்.
கடலைப் பார்த்தே இராத மரைன்.

எனக்கு வேண்டியது எட்டுப் பலகை.
போர்ட்டா கேபின், இருபத்து நாலுக்குப் பத்து,
லிவாவுக்குப் போகிறது.
ஒரு நர்ஸ், ஒரு கட்டில், கை கழுவ ஒரு தொட்டி.
தரைக்கு வெள்ளை டைல்.

கீழே இரும்புச் சட்டம்.
கிரேன் கொக்கி மாட்டித் தூக்கும்போது
கேபினுக்கு ஒருமுறை முதுகு வளையும்.
பிறகு மணல் ரோட்டில் நாலு மணி நேரம் குலுங்கும்.
பலகை கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.
டைலுக்கு வளையத் தெரியாது.

சூப்பர்வைசர் ஜெயசீலன்
அரக்கு நிறத்தில் மினுங்கும் ஷட்டரிங் பலகையைக் காட்டினார்.
"தண்ணி ஒட்டாதுப்பா."
உண்மைதான் சார்.
பசையும் ஒட்டாது.

கடைக்காரர் பர்கத்கான் ஒவ்வொன்றையும் தட்டிக் காட்டினார்,
தர்பூசணி விற்பவர் மாதிரி.
நான் ஓரத்தைப் பார்த்தேன்.
அடுக்குகளுக்கு நடுவே சின்னச் சின்ன இருட்டு.
ஒரு இருட்டுக்குள் என் பென்சில் முனை
முழுசாகப் போய்த் திரும்பியது.
அவர் வானத்தைப் பார்த்தார்.

மூன்று விலையில் மூன்று துண்டு கேட்டு வாங்கினேன்.
ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதி
கேம்ப் சமையலறைக்குக் கொண்டு போனேன்.
பொன்னுலிங்கம் கரண்டியை ஓங்கினான்.
"கட்டைய வேக வைக்கவாடே அண்டா கேக்க?
மசாலா வேணுமா, வெறும் உப்பு போதுமா?"
ராத்திரிச் சமையல் முடிந்தபின் அடுப்பு கிடைத்தது.
பாத்திரத்தை நானே தேய்ப்பதென்று ஒப்பந்தம்.

பன்னிரண்டு மணிக்கு முன்பே
ஒன்று விரிந்துவிட்டது,
சட்டைப்பையோடு துவைத்த பாஸ்போர்ட் போல.
இரண்டுக்கு ஓரம் வீங்கியது.
தண்ணீர் கட்டஞ்சாயா நிறத்துக்கு வந்தது.
விடிந்ததும் மூன்றை எடுத்தேன்.
பசைக்கோடு கறுப்பாக, நேராக, அப்படியே இருந்தது.
நகத்தால் நோண்டினேன். கடித்தும் பார்த்தேன்.
பல்தான் கூசியது.

இரண்டுக்கு எண்பத்தைந்து திர்ஹம்.
மூன்றுக்கு நூற்று நாற்பத்தெட்டு.
ஜெயசீலன் கால்குலேட்டரைத் தட்டினார்,
வீங்கிய துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
கேபினை வித்தப்புறம் யாருப்பா தரைக்கு அடியில குனிஞ்சு பாப்பான் என்றார்.
பிறகு அவராகவே,
"சரி, மூணு நல்லது. அஞ்சு மத்தது" என்றார்.

மூன்று நல்ல பலகை.
ஒன்று தொட்டிக்கு அடியில். அதில் பேச்சே இல்லை.
ஒன்று வாசலில்,
ஸ்ட்ரெச்சர் சக்கரம் முதலில் மோதும் இடம்.
மூன்றாவதன் மேல் ஏறி உட்கார்ந்து
ஒரு சிகரெட் முழுக்க யோசித்தேன்.
மனசு கட்டிலுக்கு அடியில் என்றது.
யாரோ ஒருவன், வெயிலில் சுருண்டவன்,
அங்கே படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.
கை நடுவில் என்றது.
கிரேன் தூக்கினால் வளைவதெல்லாம் நடுவில்தான்.
கை சொன்னதைக் கேட்டேன்.
கட்டிலுக்கு அடியில் போனது மற்றது.
அந்த ஓரங்களுக்கு மட்டும்
இரண்டு தரம் சீலர் பூசினேன்.

நார் ஓட்டம் சட்டத்துக்குக் குறுக்காக.
பலகைக்கும் பலகைக்கும் நடுவே
இரண்டு திர்ஹம் காசு அடுக்கிய இடைவெளி,
ஆகஸ்ட் ஈரத்தில் அவையும் கொஞ்சம் மூச்சு விட வேண்டும்.
ஆணி கிடையாது, எல்லாம் திருகு.
நானூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணினேன்.
அப்புறம் யாரோ டீ கொண்டு வந்தார்கள்.

வியாழக்கிழமை கிரேன் வந்தது.
எல்லாரும் கேபினை அண்ணாந்து பார்த்தார்கள்.
நான் காதைக் கொடுத்து நின்றேன்,
'டிக்' என்று ஒரு சத்தம் வருமா என்று.
கிரேன் இன்ஜின் இரைச்சலில்
ஒன்றும் கேட்கவில்லை.
வந்திருந்தாலும் கேட்டிருக்காது.

மூன்றாம் நம்பர் துண்டு இப்போது
பொன்னுலிங்கத்தின் சாம்பார் அண்டாவுக்கு அடியில்.
தினமும் சுடுகிறது, தினமும் நனைகிறது.
சாப்பிடப் போகும்போதெல்லாம்
குனிந்து அதன் ஓரத்தைப் பார்க்கிறேன்.
"உன் கட்டை நல்லாத்தாம்டே இருக்கு,
தட்ட நீட்டு" என்கிறான்.